விஞ்ஞானத்தை அளக்கும் கள்ள மரக்கால்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கல்வி வகுப்பில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



இன்றைய வகுப்புக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் மூளை ஆராய்ச்சி. "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கூலி, போனஸ், பட்டா பற்றிப் பேசினால் போதாதா?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சம்பந்தம் இருக்கிறது. இரண்டு விதத்தில் இருக்கிறது.

முதலாவது, வியாதி. வயதான காலத்தில் ஞாபகம் அழிந்துபோகும் வியாதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெற்ற மகனையே "நீ யாரப்பா?" என்று கேட்கும் தாய், நாற்பது வருஷம் நடந்த தெருவில் வீடு தெரியாமல் நிற்கும் தகப்பன். இதில் பெரும்பாலானவர்களைப் பிடித்திருப்பது அல்ஸைமர் வியாதி. இது பணக்காரர் வியாதி அல்ல. 2021-ல் உலகத்தில் 5 கோடியே 70 லட்சம் பேர் இத்தகைய மறதி நோயோடு வாழ்ந்தார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இருக்கிறார்கள். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பணக்காரன் வீட்டில் நர்ஸ் வைத்துக்கொள்வான். நம் வீட்டில் மகளோ மருமகளோ வேலைக்குப் போகாமல் காவல் இருக்கவேண்டும். அன்றைய கூலி போயிற்று என்றால் அன்றைய உலையும் போயிற்று. ஆகவே இந்த வியாதிக்கு மருந்து தேடும் ஆராய்ச்சி ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

இரண்டாவது சம்பந்தம், அளவு. அளவு என்றால் உங்களுக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நெல்லை வாங்கும்போது பெரிய மரக்கால், கூலி அளக்கும்போது சின்ன மரக்கால் என்று மிராசுதாரன் வைத்திருந்தான். 1940-களில் தஞ்சையில் செங்கொடிச் சங்கம் கண்ட விவசாயிகளின் கோரிக்கைகளில் ஒன்று, கள்ள மரக்கால் ஒழிய வேண்டும், முத்திரை மரக்கால் வேண்டும் என்பது. அளக்கும் கருவி யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் விளைச்சலும் இருக்கும் என்பதை நம் பாட்டன்மார் புரிந்துகொண்டிருந்தார்கள். இன்று விஞ்ஞானத்தை அளப்பதற்கும் ஒரு மரக்கால் வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இரண்டு கணக்குகள்

ஒரு விஞ்ஞானி ஆராய்ச்சி செய்து, கண்டதைக் கட்டுரையாக எழுதி, விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிடுகிறார். இன்னொருவர் பிறகு தன் கட்டுரையில், "இன்னார் இன்ன கட்டுரையில் இப்படிக் கண்டிருக்கிறார்" என்று குறிப்பிடுகிறார். அதற்கு மேற்கோள் என்று பெயர். ஆக, இரண்டு கணக்குகள். எத்தனை கட்டுரை எழுதினார் என்பது ஒன்று. எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டார் என்பது மற்றொன்று. உலகத்தின் பெரும்பாலான பல்கலைக் கழகங்களில் வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சிப் பணம் எல்லாம் இந்த இரண்டு கணக்குகளைப் பார்த்தே கொடுக்கப்பட்டு வந்திருக்கின்றன.

இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் வழியை 2005-ல் அமெரிக்க பௌதிக விஞ்ஞானி ஹிர்ஷ் சொன்னார். ஒருவருடைய கட்டுரைகளில் 50 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 50 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 50. அவ்வளவுதான். ஒரு மனிதன் முப்பது வருஷம் செய்த வேலைக்கு ஒரு எண். கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை, எண்ணைப் பார்த்தால் போதும்.

ரிங் ஃபிரேமில் ஹேங்க் மீட்டர் இருக்கிறது. தறியில் பிக் கணக்கு இருக்கிறது. உருப்படிக் கூலி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். 1867-ல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். உருப்படிக் கூலி வந்தால் முதலாளிக்கு மேஸ்திரி கூடத் தேவையில்லை, தொழிலாளி தன்னையே விரட்டிக்கொள்வான். ஆனால் ஆலையில் துணியை உருப்படிக் கணக்கில் எண்ணினாலும், மடிப்புக் கட்டுமுன் ஒருவர் விரித்துப் பார்த்து டேமேஜைத் தனியே ஒதுக்குகிறார். விஞ்ஞானத்தில் எண்ணுவதற்கு ஆள் இருக்கிறது, விரித்துப் பார்ப்பதற்கு ஆள் இல்லை. இதன் விளைவை இரண்டு உதாரணங்களால் காட்டுகிறேன்.

ஒரு மனிதர், 800 கட்டுரைகள்

எலியேஸர் மாஸ்லியா என்பவர் அமெரிக்காவில் புகழ்பெற்ற மூளை ஆராய்ச்சியாளர். கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் ஸான் டியேகோ கிளையில் நீண்ட காலம் வேலை செய்தார். அல்ஸைமர் வியாதியும், பார்க்கின்ஸன் என்னும் கை கால் நடுக்க வியாதியும் அவருடைய துறை. சுமார் 800 கட்டுரைகளில் அவர் பெயர் இருக்கிறது. அந்தத் துறையில் அதிகமாக மேற்கோள் காட்டப்படுகிறவர்களில் அவர் ஒருவர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 வருஷ உழைப்பு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மாதத்துக்குச் சுமார் இரண்டு கட்டுரை! ஒரு கட்டுரைக்கு எலி வளர்க்க வேண்டும், மூளையை அறுத்துச் சோதிக்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு மனிதனால் இது ஆகுமா? ஆகாது. பரிசோதனைக் கூடத்தில் மாணவர்களும் இளம் ஆராய்ச்சியாளர்களும் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய கட்டுரையில் கூடத்தின் தலைவர் பெயரும் சேருகிறது. பல கைகளின் உழைப்பு ஒரு பெயரில் வரவு வைக்கப்படுகிறது. இது நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான்.

இந்த வரவின் பலத்தில் 2016-ல் அவர் அமெரிக்க சர்க்காரின் தேசிய முதுமை ஆராய்ச்சி நிலையத்தில் நரம்பு விஞ்ஞானப் பிரிவின் தலைவரானார். அந்தப் பிரிவின் ஒரு வருஷ பட்ஜெட் சுமார் 260 கோடி டாலராக வளர்ந்தது. அல்ஸைமர் ஆராய்ச்சிக்குப் பணம் போகும் வாசலில் அவர் நின்றார் என்று அர்த்தம்.

2024 செப்டம்பர் 26 அன்று 'ஸயன்ஸ்' பத்திரிகை ஒரு விசாரணைக் கட்டுரையை வெளியிட்டது. மூளை விஞ்ஞானிகளும் படங்களை ஆராய்வதில் தேர்ந்தவர்களும் சேர்ந்து 300 பக்கத்துக்கு ஓர் அறிக்கை தயாரித்திருந்தார்கள். 1997 முதல் 2023 வரை அவர் பெயரில் வந்த கட்டுரைகளில் 132-ல் சந்தேகத்துக்கு இடமான படங்கள் இருப்பதாக அதில் காட்டினார்கள். ஒரே படம் வேறு வேறு பரிசோதனையின் பெயரில் வந்திருக்கிறது என்பது முக்கியமான குறை. ஒரே துணியை இரண்டு தடவை காட்டி இரண்டு உருப்படி என்று எழுதுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் அமெரிக்க சர்க்காரின் சுகாதார ஆராய்ச்சி ஸ்தாபனமும் அறிவித்தது: தன் விசாரணையில், இரண்டு கட்டுரைகளில் படங்கள் வேறு பெயரில் மறுபடி பயன்படுத்தப்பட்டிருப்பதைக் கண்டதாகவும், அது ஆராய்ச்சி முறைகேடு என்றும், அவர் இனி அந்தப் பதவியில் இல்லை என்றும்.

சர்க்கார் முடிவு செய்தது இரண்டு கட்டுரைகளைப் பற்றி. 132 என்பது ஆராய்ந்தவர்கள் எழுப்பிய சந்தேகம். இந்த வித்தியாசத்தை நாம் மறக்கக் கூடாது. எதிரியைப் பற்றிப் பேசினாலும் கணக்கை மிகைப்படுத்தக் கூடாது என்பது சங்கத்தின் பழக்கம். ஆனால் 27 வருஷத்தில் வந்த கட்டுரைகள் இவை. எண்ணியவர்கள் எத்தனையோ பேர், விரித்துப் பார்த்தவர்கள் எங்கே? இதுதான் கேள்வி.

2,500 பேர் சொன்னால் உண்மையாகுமா?

இரண்டாவது உதாரணம் மேற்கோள் கணக்கைப் பற்றியது. 2006 மார்ச்சில் 'நேச்சர்' பத்திரிகையில் மினஸோட்டா பல்கலைக் கழக விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அல்ஸைமர் நோயாளியின் மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் திட்டுத் திட்டாகப் படிகிறது. அந்தப் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட வடிவம்தான் ஞாபகத்தை அழிக்கிறது, அதை எலியின் மூளையில் செலுத்தியதும் எலிக்கு ஞாபகம் குறைந்தது என்று கட்டுரை கூறியது. சில்வெய்ன் லெஸ்னே முதல் ஆசிரியர், கேரன் ஆஷ் கூடத்தின் தலைவர். அந்தக் கட்டுரை சுமார் 2,500 தடவை மேற்கோள் காட்டப்பட்டது.

மாத்யூ ஷ்ராக் என்ற இளம் டாக்டர், நாஷ்வில் நகரத்தில் வாண்டர்பில்ட் பல்கலைக் கழகத்தில் உதவிப் பேராசிரியர். கட்டுரையின் படங்களை அவர் உற்றுப் பார்த்தார். வெட்டி ஒட்டியதைப் போன்ற அடையாளங்கள் தெரிந்தன. 2022 ஜூலையில் 'ஸயன்ஸ்' பத்திரிகை அதை வெளிக்கொண்டு வந்தது. 2024 ஜூனில் 'நேச்சர்' அந்தக் கட்டுரையை வாபஸ் பெற்றது. படங்களில் வெட்டி ஒட்டல், இரட்டிப்பு, அழிப்பான் கொண்டு அழித்த அடையாளம் இருப்பதாக வாபஸ் குறிப்பே சொல்கிறது. ஆசிரியர்களில் லெஸ்னே ஒருவர் மட்டும் வாபஸை ஏற்கவில்லை. கேரன் ஆஷ் ஏற்றுக்கொண்டார், ஆனால் கட்டுரையின் முடிவு சரிதான் என்று சொல்கிறார். எந்தக் கை படத்தைத் தொட்டது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமிலாய்டு பற்றிய ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு கட்டுரையின் மேல் நிற்கவில்லை. அமிலாய்டை அகற்றும் லெகனமாப் என்ற மருந்துக்கு 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. நோயின் வேகத்தை அது ஓரளவு குறைக்கிறது, நோயைக் குணப்படுத்துவதில்லை. ஆகவே "எல்லாம் பொய், விஞ்ஞானமே மோசடி" என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். அப்படிச் சொல்கிறவன் நாளைக்குத் தடுப்பூசி வேண்டாம், மந்திரித்துக் கொள்ளலாம் என்பான்.

நாம் சொல்வது வேறு. 2,500 தடவை மேற்கோள் என்றால், 2,500 தடவை சோதித்துப் பார்த்தார்கள் என்று அர்த்தமல்ல. ஒருவர் சொன்னதை அடுத்தவர் எடுத்துச் சொன்னார், அதை மூன்றாமவர் எடுத்துச் சொன்னார். சந்தையில் ஒரு வதந்தியை ஆயிரம் பேர் சொல்வதால் அது உண்மையாகிவிடுகிறதா? மேற்கோள் கணக்கு ஒரு கட்டுரை எவ்வளவு தூரம் பரவியது என்பதைக் காட்டும். அது உண்மையா என்பதைக் காட்டாது.

மரக்கால் யார் கையில்?

இந்த மரக்காலின் வரலாறு சுவையானது. மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணை போடலாம் என்று 1955-ல் எழுதியவர் யூஜீன் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர். விஞ்ஞானத்தின் சமூகக் கடமை பற்றி 1939-ல் நூல் எழுதிய ஜே. டி. பெர்னாலின் கருத்துக்களால் தூண்டப்பட்டவர் அவர். பெர்னால் மார்க்ஸியவாதி, பெரிய விஞ்ஞானி. விஞ்ஞானச் செய்தி எல்லோருக்கும் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்பது பெர்னாலின் கனவு. ஒரு கட்டுரையோடு சம்பந்தப்பட்ட மற்றக் கட்டுரைகளைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் அட்டவணையாகத்தான் 1964-ல் அது வெளிவந்தது.

தேடுவதற்குச் செய்த கருவி அளப்பதற்குக் கருவியாயிற்று, பிறகு விற்பதற்குச் சரக்காயிற்று. கை மாறிக் கை மாறி, 2016-ல் அந்த அட்டவணையும் சேர்ந்த வியாபாரப் பிரிவை 355 கோடி டாலருக்கு இரண்டு முதலீட்டுக் கம்பெனிகள் வாங்கின. விஞ்ஞானிகளின் உழைப்பை எண்ணிச் சொல்வதற்கு இந்த விலை!

பத்திரிகைகளை நடத்தும் ஏகபோகங்களைப் பாருங்கள். அவற்றில் பெரியது எலிஸெவியர். அதன் தாய்க் கம்பெனி ரெலக்ஸ். 2023-ல் அதன் விஞ்ஞான, மருத்துவப் பிரசுரப் பிரிவுக்கு வருமானம் சுமார் 306 கோடி பவுன், லாபம் சுமார் 116 கோடி பவுன். நூறு ரூபாய் வந்தால் 38 ரூபாய் லாபம். எந்தப் பஞ்சாலை முதலாளிக்கு இந்த விகிதம் கிடைக்கிறது?

எப்படிக் கிடைக்கிறது? கட்டுரை எழுதுகிறவருக்குக் கம்பெனி கூலி தருவதில்லை. பெரும்பாலும் மக்கள் வரிப்பணத்தில் அவர் சம்பளம் வாங்குகிறார். கட்டுரையைச் சரிபார்க்கும் சக விஞ்ஞானிக்கும் அநேகமாகக் கூலி கிடையாது. இவ்வளவும் இலவசமாகப் பெற்று, அச்சேற்றி, அதே பல்கலைக் கழகங்களுக்கே சந்தா போட்டு விற்கிறார்கள். எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட வேண்டுமென்றால் எழுதியவரிடமே பணம் கேட்கிறார்கள். 'நேச்சர்' 2021 ஜனவரி முதல் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று நிர்ணயித்தது. நெசவாளி பாவும் ஊடையும் தன்னுடையதாகப் போட்டு, நெய்தும் கொடுத்து, துணியை வாங்கிக்கொண்டதற்கு மாஸ்டர் வீவருக்கே கூலியும் கொடுப்பதைப் போல!

இந்தப் பணத்தில் நம் பணமும் இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய மந்திரி சபை "ஒரே நாடு, ஒரே சந்தா" என்று ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. 30 பிரசுரக் கம்பெனிகளின் சுமார் 13,000 பத்திரிகைகளுக்கு, 2025 முதல் 2027 வரை மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். சர்க்கார் கல்லூரி மாணவர்கள் படிக்கலாம் என்பது நல்லதுதான். நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் தீப்பெட்டிக்கும் துணிக்கும் கொடுக்கிற வரியிலிருந்து இந்தப் பணம் போகிறது. நம் விஞ்ஞானிகள் நம் பணத்தில் எழுதியதும் அந்தப் பத்திரிகைகளில் இருக்கிறது. நம் சொத்தையே நமக்கு விற்கிறார்கள்.

மரக்கால் இருக்கும்வரை இளம் ஆராய்ச்சியாளனும் தப்ப முடியாது. அவனுக்கு இரண்டு வருஷக் கான்ட்ராக்ட். அதற்குள் கட்டுரை வராவிட்டால் வீடு. கட்டுரை வர வேண்டுமானால் முடிவு அழகாக இருக்க வேண்டும். "சோதித்தேன், பலன் இல்லை" என்று எழுதினால் பெரிய பத்திரிகை சீந்தாது. தவறு செய்தவனை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. தவறை வளர்க்கும் நாற்றங்காலைப் பாருங்கள் என்கிறேன்.

60 பிரதிகள்

"அளவே வேண்டாம் என்றால் நல்ல விஞ்ஞானியை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஒரு தோழர் கேட்கலாம். அதற்கும் மூளை ஆராய்ச்சியே பதில் சொல்கிறது.

ஸ்பெயினில் ஸாந்தியாகோ ரமோன் இ காஹால் என்று ஒருவர் இருந்தார். 1888-ல் பார்ஸிலோனாவில் பேராசிரியர். மூளை என்பது ஒன்றோடொன்று ஒட்டிய வலை என்று அக்காலத்தில் பல பெரியவர்கள் நினைத்தார்கள். இத்தாலியர் கோல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயத்தைச் செம்மைப்படுத்தி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மூளை தனித்தனி செல்களால் ஆனது என்று காஹால் கண்டார். தன் கைப்பணத்தில் ஒரு பத்திரிகை தொடங்கி அதை வெளியிட்டார். அச்சடித்தது 60 பிரதிகள். அதுவும் ஸ்பானிஷ் மொழியில். பெரிய விஞ்ஞானிகளில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் சொற்பம். இன்றைய மரக்காலைக் கொண்டு அளந்தால் அவருக்கு என்ன எண் கிடைத்திருக்கும்? எண்ணவே தகுதியில்லை என்று தள்ளியிருப்பார்கள்.

அவர் என்ன செய்தார்? 1889-ல் தன் கண்ணாடித் தகடுகளை மூட்டை கட்டிக்கொண்டு பெர்லினில் நடந்த மாநாட்டுக்குப் போனார். மைக்ராஸ்கோப்பில் வைத்து, வந்தவர்களைப் பார்க்கச் சொன்னார். ஜெர்மனியின் முதிர்ந்த விஞ்ஞானி கோலிக்கர் பார்த்தார், ஒப்புக்கொண்டார். 1906-ல் காஹாலுக்கும் கோல்ஜிக்கும் சேர்ந்து நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய மூளை விஞ்ஞானத்தின் அஸ்திவாரம் அந்த 60 பிரதிகளில் இருந்தது.

நல்ல அளவு இதுதான், தோழர்களே: செய்ததைத் திறந்து வைப்பது, அடுத்தவர் வந்து பார்ப்பது, திரும்பச் செய்து பார்ப்பது. இதற்கு நேரம் வேண்டும், ஆள் வேண்டும், வேலைக்குப் பாதுகாப்பு வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

எண்ணை மட்டும் பார்க்கும் பழக்கம் முதலாளித்துவ நாடுகளோடு நிற்கவில்லை. சீனாவிலும் வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை வந்தால் பல்கலைக் கழகங்கள் ரொக்கப் பரிசு கொடுத்துவந்தன. கட்டுரை பெருகியது, குறையும் பெருகியது. 2020 பிப்ரவரியில் சீன சர்க்கார் அந்தப் பரிசை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. விஞ்ஞானிகளே 2012-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் கூடி, பத்திரிகையின் எண்ணை வைத்து மனிதனை அளக்காதீர்கள் என்று ஒரு பிரகடனம் தயாரித்தார்கள். ஆகவே மாற்ற முடியாத விதி எதுவும் இல்லை.

நம் கோரிக்கைகள் எளியவை. மக்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சியை மக்கள் எல்லோரும் இலவசமாகப் படிக்க வழி வேண்டும். வேலையும் பதவி உயர்வும் கட்டுரையைப் படித்துப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும், எண்ணிப் பார்த்தல்ல. பிறர் செய்ததைத் திரும்பச் செய்து சரிபார்க்கும் வேலைக்குப் பணம் ஒதுக்க வேண்டும். தவறைச் சுட்டிக்காட்டும் இளைஞனுக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆராய்ச்சி மாணவனுக்கும் கான்ட்ராக்ட் ஆராய்ச்சியாளனுக்கும் மாதந்தோறும் ஒழுங்கான ஊதியமும், சங்கம் வைக்கும் உரிமையும் வேண்டும்.

கடைசிக் கோரிக்கையில் நமக்கு நேரடியான வேலை இருக்கிறது. உங்களில் பலருடைய பிள்ளைகள் இன்று கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறார்கள். உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் திண்டாடுகிறார்கள். "நாங்கள் படித்தவர்கள், தொழிலாளிகள் அல்ல" என்று அவர்களில் சிலர் நினைக்கலாம். அவர்களிடம் உங்கள் ஹேங்க் மீட்டரைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்களுடைய எண்ணைப் பற்றிக் கேளுங்கள். இரண்டும் ஒரே முதலாளியின் இரண்டு கருவிகள் என்பது அரை மணி நேரப் பேச்சில் விளங்கிவிடும். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரையாவது அழைத்து வாருங்கள்.

மறதி நோய்க்கு மருந்து ஒருநாள் கண்டுபிடிக்கப்படும். அதைக் கண்டுபிடிக்கப் போவது எண்களல்ல. பொறுமையாகச் சோதித்து, கண்டதைக் கண்டபடி எழுதும் மனிதர்கள். அந்த மனிதர்கள் பயமில்லாமல் வேலை செய்யும் நிலைமையை உண்டாக்குவது விஞ்ஞானிகளின் காரியம் மட்டுமல்ல. அது நம்முடைய காரியமும் ஆகும்.